பெரியநாயகியும் யவனக் கப்பலும்

மருதந்துறையிலிருந்து கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் முழிப்பார்கள். காவிரி போகிற பக்கமே போனால் எங்கேயாவது வரும் என்பார்கள் மீதிப் பேர். அப்படிப்பட்ட ஊரைப் பழைய துறைமுகம் என்று நிரூபிப்பதற்காக ஒரு வரலாற்றுக் கழகம் தோன்றி, சால்வை போர்த்தி, மாலை மாற்றி, போட்டோ பிடித்துக்கொண்டு வெகுகாலம் வாழ்ந்தது. அதன் தலைவரைக் கட்டிக்கொண்டு குடித்தனம் பண்ணியவள் பெரியநாயகி.

அவள் சேந்தமங்கலத்துப் பக்கம் பிறந்தவள். மலையடிவாரத்தில் நிலக்கடலைக் காடு வைத்திருந்த குடும்பம். எட்டாவது வரை படிப்பு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், "பொண்ணு ஒரு வார்த்தை பேசட்டுமே, வாய் வருதான்னு பாப்போம்" என்றாராம். "வராம இருந்தா நாங்க நிம்மதியா இருந்திருப்போமுங்க" என்றாராம் அவளுடைய அப்பா. அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டு கல்யாணத்தை முடித்தார்கள்.

புருஷன் கந்தப்பன் கெட்ட மனுஷன் இல்லை. வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் இருந்தன. இரண்டு லாரி ஓடியது. பாலத்தில் ஏறும்போதே இன்ஜின் சத்தத்தை வீட்டிலிருந்து கேட்டு, வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். தன் பாட்டனுக்கு அப்பன் பேர் என்ன என்று நாற்பது வயது வரைக்கும் அவருக்குத் தெரியாது. தெரியாததால் அவருக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் கோடையில் அவருடைய லாரி ஆற்றில் மணல் அள்ளும்போது ஒரு பானை வாய் கிடைத்தது. கறுப்பும் சிவப்புமாக, உடைந்த பானையின் கழுத்து. டிரைவர் அதைத் தூக்கி எறிந்திருப்பான், தங்கசாமி பார்த்துவிட்டார். தங்கசாமி கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து, உடம்பு சரியில்லை என்று திடீரென்று ராஜினாமா செய்தவர். என்ன வியாதி என்று சங்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வேலை போனபிறகு அவர் புத்தகம் படிக்கத் தொடங்கினார். முன்னுரையைப் படித்தால் போதும், மீதியை அவரே சொல்லிவிடுவார்.

அவர் பானை வாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு கந்தப்பன் வீட்டுக்கு வந்தார்.

"இது யவனர் மதுக் குடுவை. மருதந்துறைங்கற பேரைப் பாருங்க. துறைன்னா என்ன? துறைமுகந்தானுங்க! பூம்புகார்ல எறங்கி, காவிரியிலயே கப்பலோட்டி இங்கதான் வந்து சேர்ந்திருக்கறான் யவனன்."

பெரியநாயகி காபி கொண்டுவந்து வைத்தாள். "மேக்கால எருமைத்துறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே அண்ணா. எருமையெல்லாம் கப்பல்லயா வந்துச்சு?"

தங்கசாமி சிரித்தார். கந்தப்பன் சிரிக்கவில்லை. அவர் பானை வாயைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் போய்விட்டார் என்று பெரியநாயகிக்கு அப்போதே தெரிந்தது.

ஒரே மாதத்தில் கழகம் பிறந்தது. பானை வாய்க்கு வயசு கண்டுபிடிப்பதற்கு முன்னால் ரப்பர் ஸ்டாம்பு வந்துவிட்டது. கந்தப்பன் தலைவர், தங்கசாமி பொதுச்செயலாளர். மற்றவர்களில் ஒருத்தர்கூடச் சாதா உறுப்பினர் கிடையாது. துணைத் தலைவர், இணைச் செயலாளர், புரவலர், ஆலோசகர் என்று எல்லாருக்கும் ஒரு பதவி. கூட்டம் அவள் வீட்டுக் கூடத்தில் நடக்கும். பெரியநாயகி பணியாரம் சுடுவாள், அவர்கள் வரலாறு பேசுவார்கள். பணியாரம் தீர்ந்தால் வரலாறும் தீர்ந்துவிடும்.

முதல் காரியமாக ஆளாளுக்கு வம்ச வரலாறு எழுதினார்கள். அரிசி மண்டிக்காரர் குறுநில மன்னர் வழி. ஜவுளிக்கடைக்காரர் படைத்தளபதி வழி. கந்தப்பன் துறைமுகத்துக்கே அதிபதியாக இருந்தவர் வழி. அந்தக் காலத்து மருதந்துறையில் களை எடுத்தவன், மாடு மேய்த்தவன் ஒருத்தனும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊரே குதிரையில் போயிருக்கிறது.

"அத்தனை குதிரைக்கும் சாணி அள்ளுனது யாருங்க?" என்றாள் பெரியநாயகி.

"நீ கம்முனு இரு புள்ள."

மறுவருஷம் நங்கூரம் கிடைத்தது. கோயிலுக்குப் பின்னால் தூர்ந்துபோன கிணற்றைத் தூர்வாரும்போது, நாலு பக்கமும் வளைந்த கொக்கிகளோடு துருப்பிடித்த இரும்பு ஒன்று வந்தது. யவனக் கப்பலின் நங்கூரம் என்றார் தங்கசாமி. சிறு கப்பலாக இருந்திருக்கலாம் என்றார் ஜவுளிக்கடைக்காரர். அது பாதாளக் கரண்டி. கிணற்றில் வாளி விழுந்தால் கயிற்றில் கட்டி விட்டு எடுப்பது. ஊரில் கிணறு இருக்கிற வீட்டிலெல்லாம் ஒன்று தொங்கும். கந்தப்பன் வீட்டிலேயே கிணற்றடிச் சுவரில் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே கால் கழுவி உள்ளே வந்துதான் இதை நங்கூரம் என்றார்கள். கண்ணாடிப் பெட்டி செய்து கூடத்தில் வைத்தார்கள். ஊர்க்காரர்களும் வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள், "நங்கூரமுங்களா!" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். லாரி வைத்திருக்கிறவரிடம், கொடிக்காலில் வேலை கொடுக்கிறவரிடம், யார் போய்க் கரண்டி என்று சொல்வது? பெரியநாயகி சொன்னாள். அவள் சொன்னதைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லையே.

இதுவரைக்கும் அவளுக்கு அது ஒரு கூத்துத்தான். பணியார மாவு செலவு, கொஞ்சம் வாய்ச்சண்டை, அவ்வளவே. குடித்தும் சீட்டாடியும் கெட்டுப்போகிற ஆண்களோடு பார்த்தால் இது தேவலை என்றுகூட நினைத்தாள். கழகம் ஆற்றுத்துறைக்கு வந்தபோதுதான் விஷயம் மாறியது.

துறையில் படிக்கு மேலே ஆள் உயரத்துக்கு இரண்டு கல் நின்றது. யார் நட்டது என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, பழைய சேலையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் ஈரத்துணி மாற்றுவார்கள். மற்ற பக்கங்களில் கரைமேடும் தாழம்புதரும். பாலத்தின் பக்கம் மட்டும்தான் திறப்பு. அதை அந்தச் சேலை மறைத்தது. வீட்டில் கிணறு இல்லாத பெண்களுக்கெல்லாம் ஊரில் இருந்த ஒரே குளியலறை அதுதான். கிணறு இருந்தும் பெரியநாயகி ஆற்றுக்குத்தான் போவாள். அங்கே போனால்தான் மனிதர்கள் பேசுகிற பேச்சைக் கேட்க முடிகிறது என்பாள்.

கழகம் ஒருநாள் அந்தக் கற்களை ஆராய்ந்து, கப்பலைக் கட்டி நிறுத்தும் தூண்கள் என்று முடிவு செய்தது. கயிற்றை அறுத்து, சேலையை ஆற்றில் விட்டு, நாலு பக்கமும் முள்கம்பி வேலி போட்டு, 'பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னம்' என்று பலகையும் நட்டது.

மறுநாள் ஆத்தாயி வந்தாள். வாழைக்காட்டில் களை எடுக்கிறவள், துறையில் பெரியநாயகிக்குப் பேச்சுத்துணை.

"அக்கா, மாமா கல்லுக்கு வேலி போட்டுப்போட்டாருங்க. கல்லுக்கு அப்படி என்னங்க கூச்சம்? எங்களுக்குத்தான் மானமில்லை, கல்லுக்காச்சும் இருக்கட்டும்னா?"

சாப்பிட உட்கார்ந்த கந்தப்பனிடம் பெரியநாயகி கேட்டாள்.

"அது கப்பல் கட்டற கல்லு புள்ள. வடம் தேஞ்ச தடம் தெரியுது, போய்ப் பாரு."

"சேலை கட்டற கயிறு தேஞ்ச தடமுங்க அது. நானே எத்தனையோ நாள் கட்டியிருக்கறேன்."

"உனக்கு ஒரு எழவும் புரியாது."

"கல்லு கல்லாவே இருக்கட்டும். பக்கத்துல ஒரு கீத்துத் தட்டியாவது வெச்சுக் குடுங்க."

அடுத்த கூட்டத்தில் அதையும் பேசினார்கள். தொன்மைச் சின்னத்துக்குப் பக்கத்தில் கீற்றுத் தட்டி வைத்தால் வெளியூர் அறிஞர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டார் தங்கசாமி. பரிசீலிக்கலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டுப் பணியாரத்துக்குக் கை நீட்டினார்கள். அன்றைக்குத் தட்டு வெறுமையாக இருந்தது. அடுப்புப் பற்றவில்லை என்றாள் பெரியநாயகி. அதற்கப்புறம் கழகக் கூட்டத்துக்கு அவள் அடுப்பு ஒருநாளும் பற்றவில்லை.

பெண்கள் ஈரத்தோடு தெருவில் நடந்து வீட்டுக்குப் போய் மாற்றினார்கள். தூரத்துத் தெருக்காரர்கள் தாழம்புதரில் மறைந்து மாற்றி, உடம்பைக் கீறிக்கொண்டார்கள். ஆத்தாயியின் மருமகள் புதிதாக வந்த பெண். ஒருநாள் ஒருத்தி சேலையை மறைப்பாகப் பிடிக்க, அவள் துணி மாற்றும்போது, பாலத்தில் போன லாரி ஒன்று நின்று ஹாரனை விடாமல் அடித்தது. கிளீனர் விசில் அடித்தான். அந்தப் பெண் அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எழுந்து வரவேயில்லை. பெரியநாயகி நிமிர்ந்து பார்த்தாள். லாரியின் நெற்றியில் அவள் மகன் பேர் எழுதியிருந்தது. கந்தப்பனின் லாரி.

அவள் சொன்னபோது கந்தப்பன் முகம் சுண்டியது. "அந்தப் பயலைக் கண்டிக்கறேன்" என்றார். கண்டித்தாரோ என்னவோ, அன்று சாயங்காலமே விழாவுக்குப் பந்தல் பேச ஆள் வந்துவிட்டது. இன்ஜின் சத்தத்தில் கோளாறு கண்டுபிடிக்கிற அந்தக் காதில் அவள் சொன்னது ஏன் ஏறவில்லை என்று அவளுக்கு ஆறவேயில்லை. அழவும் இல்லை. வீட்டில் வெந்நீர் விளாவிக் கொடுக்கிற பழக்கத்தை நிறுத்தினாள். "ஆத்துக்குப் போய்க் குளிங்க, உங்க துறைமுகந்தானே" என்றாள்.

விழா எண்பதாம் வருஷம் ஆடிப்பெருக்கு அன்று. வருஷத்தில் அன்றைக்குத்தான் சுற்று வட்டாரத்துப் பெண்கள் அத்தனை பேரும் துறைக்கு வருவார்கள். அந்தக் கூட்டத்தைத் தன் கூட்டமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று கழகத்துக்கு யோசனை. கல்வெட்டுத் திறக்கச் சேலத்திலிருந்து ஒரு பேராசிரியரைக் காரில் கூட்டிவந்தார்கள்.

பேராசிரியர் முதலில் வீட்டில் இட்லி சாப்பிட்டார். பிறகு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்கள். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து, பக்கத்தில் சட்னிக் கிண்ணத்தோடு நின்ற பெரியநாயகியைப் பார்த்தார். வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, "எந்தக் கிணத்துலங்க எடுத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கோயில் கிணத்துலங்க" என்றாள்.

அவர் தோள் குலுங்கியது. படித்த மனுஷன் ஒருத்தராவது வந்து சேர்ந்தார், இன்றைக்கு மேடையில் உடைத்துவிடுவார் என்று அவள் நம்பினாள். அதற்குள் கந்தப்பன் ஆட்கள் ஒரு பெரிய வாழைத்தாரைக் காரில் ஏற்றினார்கள். பேராசிரியர் மேடையில் பேசும்போது, நங்கூரம் மிகுந்த ஆய்வுக்குரியது என்றார்.

மேடை துறைக்கு மேலேயே, பலகை அடித்து நீளமாகப் போட்டிருந்தது. பின்னால் இரண்டு மூங்கிலில் 'யவனர் வந்திறங்கிய மருதந்துறை' என்று எழுதிய துணி கட்டியிருந்தது. முன்னால் விரித்த ஜமுக்காளங்களில் கழகத்தாரின் சொந்தக்காரர்கள் சிலர் தவிர ஆளில்லை. கூட்டமெல்லாம் படியில் நின்றது. காப்பரிசியும் மஞ்சள் கயிறுமாகப் படைத்துக் குளித்து எழுந்த பெண்கள், மேலே ஏறினால் மேடை ஆண்கள், திரும்பினால் பாலம் என்று ஈரச்சேலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றார்கள். மைக்கில் யவனன் வந்துகொண்டேயிருந்தான். ஆத்தாயியின் மருமகள் கையில் மூன்று மாதக் குழந்தை. அதற்கு உதடு நீலம் பாய்ந்து நடுங்கியது.

பெரியநாயகி படியேறி நேரே மேடைக்குப் பின்னால் போனாள். ஒரு மூங்கிலில் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். மறு மூங்கிலில் ஆத்தாயி அவிழ்த்தாள். ஆளுக்கு ஒரு நுனியாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இன்னும் நாலைந்து பெண்கள் வெறுமையாய்க் கிடந்த ஜமுக்காளம் ஒன்றை உருவி முள்கம்பிமேல் போட்டு மிதித்தார்கள். வேலி படுத்தது. இரண்டு கல்லுக்கும் குறுக்கே துணியைக் கட்டினார்கள். எழுத்து பாலத்தைப் பார்த்தபடி இருந்தது.

"பெரியநாயகி! என்ன பண்றே நீ?"

கந்தப்பன் மைக் முன்னால் நின்றதால் அது அக்கரைக்கும் கேட்டது.

அவள் மைக் இல்லாமலே பதில் சொன்னாள். "யவனன் எறங்கறதுக்குள்ள இந்தப் புள்ளைக துணி மாத்திக்கட்டும்னு பாக்கறேனுங்க!"

படியில் சிரிப்பு வெடித்தது. பெண்கள் கும்பலாகத் துணிக்குப் பின்னால் ஏறினார்கள். பேராசிரியருக்கு ஒரு இங்கிதம் இருந்தது. ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பேச்சைத் தொடர்ந்தார். அவரைப் பார்த்துத் தலைவர், செயலாளர், புரவலர், ஆலோசகர் எல்லாரும் திரும்பினார்கள். காவிரியில் வந்த கப்பல்களைப் பற்றி ஒரு கழகமே காவிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசி முடித்தது.

துணியைத் துவைத்து மடித்து மறுநாள் அவளே கூடத்தில் வைத்தாள். கந்தப்பன் பேசவில்லை. "சோறு போடச் சொல்லு" என்று பால்காரியிடம் சொல்வார். பால்காரி திரும்பி அவளிடம் சொல்வாள். வருஷக்கணக்கில் அப்படி நடந்தது. தங்கசாமி ஆண்டு மலரில் 'பண்பாட்டின் பகைவர்கள்' என்று கட்டுரை எழுதினார். வேலி ஒரே வாரத்தில் பழையபடி நின்றது, முன்னைவிட உயரமாக. அன்றைக்கு ஜெயித்தோம் என்று நினைத்தது எவ்வளவு முட்டாள்தனம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. துணியை எத்தனை தடவை அவிழ்த்து எத்தனை தடவை கட்டுவது?

வருஷங்கள் போயின. மகன் லாரியைக் கவனித்துக்கொள்ளத் தொடங்கினான். எண்பத்தாறில் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். ஆற்றங்கரை வார்டுக்குக் கழகத்தின் சார்பில் தங்கசாமி நின்றார். கப்பல் சின்னம் கேட்டாராம், குடை கொடுத்தார்கள். அவரை எதிர்த்து மனுப் போட்டது பெரியநாயகி. ஆத்தாயியும் துறைப் பெண்களும்தான் பேரூராட்சி அலுவலகத்துக்குக் கூடவே நடந்து வந்தார்கள்.

"என்ற மானத்தை வாங்கோணும்னே நிக்கறயா?" என்றார் கந்தப்பன். அவளிடம் நேராகப் பேசினார் என்பதே அப்போது ஒரு அதிசயம்.

"உங்க மானத்தைத்தான் கண்ணாடிப் பொட்டியில பூட்டி வெச்சிருக்கறீங்களே. நான் எங்கிருந்துங்க வாங்கறது?"

அவர் தங்கசாமிக்காக வீடு வீடாகப் போனார். தங்கசாமி, ஊரை உலக வரைபடத்தில் ஏற்றுவேன் என்றார். பெரியநாயகி, துறையில் நாலு சுவரும் ஒரு கதவும் கட்டுவேன் என்றாள். வேறெதுவும் அவள் சொல்லவில்லை. பெண்கள் விடியும் முன்பே வரிசையில் நின்றார்கள். தங்கசாமிக்குக் கழகத்து ஓட்டே முழுசாக விழவில்லை. குடைக்காரர் தோல்விக்கு அந்நியச் சதி என்று காரணம் சொன்னார்.

அதோடு கழகம் உடைந்தது. பெண்டாட்டியை அடக்கத் தெரியாதவர் தலைமையில் வரலாறு வளராது என்று தங்கசாமி தனிக் கழகம் கண்டார். நங்கூரம் யாருக்கு என்பதில் சண்டை வந்து போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனார்கள். ஏட்டையா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கூட்டுலயும் ஒண்ணு சும்மா கெடக்குதுங்க. கொண்டாந்து தர்றேன், ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கங்க" என்றார். கந்தப்பன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர், விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. பெட்டியைத் தங்கசாமிக்கே கொடுத்துவிட்டார். பெரியநாயகி அன்றைக்கு அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொள்ளுரசம் வைத்துக் கொடுத்தாள்.

பேரூராட்சியில் அவள் பட்ட பாடு தனி. அந்த இடம் தொன்மைச் சின்னம் என்று தங்கசாமி மனுவுக்குமேல் மனு போட்டார். அதை நிரூபிக்க ஆதாரம் கேட்டது மேலிடம். தான் எழுதிய கட்டுரையையே அனுப்பினார். பதில் வரவில்லை. எண்பத்தெட்டு தை மாதத்தில் துறையில் செங்கல் அறை எழும்பியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே துணி மாட்ட இரும்புக் கம்பி, உள்தாழ்ப்பாள் போட்ட தகரக் கதவு. கற்கள் அதன் பக்கத்திலேயே நின்றன. வேலி இல்லை.

திறப்பு விழா என்று ஒன்றும் நடக்கவில்லை. சுண்ணாம்பு காய்ந்ததும் பெண்கள் உள்ளே போனார்கள். அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் பெரியநாயகி படியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கந்தப்பன் மேலே வந்து நின்றார். அறையைச் சுற்றி ஒருதரம் நடந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். மறுபடி சுற்றினார்.

"என்னங்க தேடறீங்க?"

"பேரு வெட்டி ஒரு கல்லுகூட வெக்கலியா? யாரு கட்டுனதுன்னு தெரிய வேண்டாமா?"

"உள்ள துணி மாத்தறவளுக்கு அது தெரிஞ்சு என்னாகோணும்?"

"அப்படியில்ல புள்ள. உன்ற பேரு இருக்கோணும். என்ற பேரு வேண்டாம், உன்ற பேரு. நாளைக்கு ஒரு இருநூறு வருஷம் கழிச்சு..."

"இருநூறு வருஷம் கழிச்சு உங்களாட்டம் ஒருத்தரு வருவாரு. யவனன் பொண்டாட்டி துணி மாத்துன எடம்னு எழுதி வெப்பாரு. என்ற பேரு எதுக்கு குறுக்க?"

கந்தப்பன் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தவருக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்ததை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

உள்ளேயிருந்து தகரக் கதவை யாரோ கையால் தட்டினார்கள். "ஆரது அங்க ஆம்பளை நிக்கறது? சித்த அக்கட்டப் போங்க!"

கழகத் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேகமாக அக்கட்டே போனார்.